கீப்பரைக் கடைசியில சொல்லுதேன்

இந்த மூட்டையில இருக்கது துணி தம்பி, மீன் இல்ல. மூக்கைப் பொத்தாண்டாம். கடப்புறத்துக்காரி மூட்டையோட பஸ்சுல ஏறினா எல்லாரும் ஜன்னலைத் திறக்காங்க. இது நாகர்கோவில்ல வாங்கின ஜெர்சித் துணி. இந்தா, மணந்து பாருங்க. புதுத்துணி வாசம்தானே? சரி, அப்ப கொஞ்சம் ஒதுங்கி இருங்க, நானும் உக்காருதேன்.

எதுவரைக்கும் போறிய? புன்னைத்துறைக்கா? கல்யாண வீடா? நல்லது. நான் அதுக்கு மூணு ஸ்டாப்பு முன்னால, சிலுவைத்துறையில இறங்கிருவேன். இவரு ஓட்டுகதைப் பாத்தா ஒரு மணிக்கூறு ஆவும். தம்பிக்கு போன்ல தமிழ் அடிக்கத் தெரியுமா? எனக்க கண்ணாடியை ஜெர்சிக்கு நம்பர் அடிக்கிற கடையில மறந்து வெச்சிட்டு வந்துட்டேன். ஆறு மணிக்குள்ள எனக்க டீமை அனுப்பணும். அனுப்பலன்னா இந்த வருஷம் நான் ஆட்டத்திலயே இல்ல. இப்ப மணி என்ன? நாலே முக்காலா? அப்ப நேரம் கிடக்கு.

என்ன டீமுன்னா கேக்கிய? எங்க பக்கம் எட்டு ஊரு, எட்டு ஃபுட்பால் டீம். விசைப்படகு கடலுக்குப் போவாத தடைக்காலம் ரெண்டு மாசம் இருக்குல்லா, அப்பதான் ஆம்பளைங்க எல்லாரும் கரையில கிடப்பாங்க. அப்பதான் டோர்னமெண்டு. அது மண்ணுல நடக்கிற ஆட்டம். எங்க ஆட்டம் போன்ல நடக்கும். எட்டு ஊருலயும் பாத்து நமக்குப் பிடிச்ச பதினோரு பேரை எடுத்து ஒரு கனவு டீம் போடணும். ஒரு ஊருல மூணு பேருக்கு மேல எடுக்கப்பிடாது. அவன் அங்க கோல் அடிச்சா இங்க நமக்கு அஞ்சு பாயிண்டு. கோலே விழாம காத்தா கீப்பருக்கும், அவனுக்கு முன்னால நின்னு தடுக்க பேக்குக்கும் நாலு. மஞ்சக் கார்டு வாங்கினா ஒண்ணு போச்சு. ஒருத்தனைக் கேப்டன்னு போடலாம், அவனுக்கு எல்லாமே இரட்டிப்பு. டென்சன் சார்னு எங்க ஸ்கூல் டிரில் வாத்தியாரு, அவருதான் வாட்சப்புல நடத்துதாரு. எங்க ஊரு டீம் கமிட்டிக்கும் அவருதான் பெரிய ஆளு. குரூப்புல நூத்தி அறுபது பேரு இருக்கோம். பங்குச் சாமியாரும் உண்டு. போன வருஷம் அவருக்கு நூத்தி நாப்பதாவது இடம். பாவம், ஒரு ஊருக்காரங்களும் வருத்தப்படாண்டாம்னு எல்லா ஊருலயும் சமமா எடுத்தாரு.

முதல் இடம் யாருன்னு கேக்கமாட்டியளா?

நான்தான். ஜெஸிந்தா. ஊசிமுனை எஃப்.சி. அது எனக்க டீமுக்கு நான் வெச்ச பேரு. ஜெயிச்சவங்களுக்கு என்ன மரியாதைன்னா, அடுத்த வருஷம் முதல் ஆட்டத்தில நடுக் கோட்டில பந்தைக் கொண்டு வைக்கணும். எட்டு ஊரும் சுத்தி நின்னு பாக்கும். இதுவரைக்கும் ஒரு பொம்பளை வெச்சது கிடையாது. இன்னும் பத்து நாள்ல நான் வைக்கப்போறேன். சேலை எடுத்தாச்சு, மயில்கழுத்துக் கலர்.

அதிர்ஷ்டம்னு சொல்லிக்கிட்டுத் திரியுதாங்க. அதிர்ஷ்டமா? எட்டு ஊருல அஞ்சு ஊருக்கு ஜெர்சி தைக்கது நான்தான் தம்பி. மத்தவங்க ஆட்டத்தைப் பாத்து ஆளை எடுப்பாங்க. நான் டேப்பைப் பாத்து எடுக்கேன். எவனுக்கு வயிறு வெச்சிருக்கு, எவனுக்குத் தொடை இறுகியிருக்கு, எவன் மழைக்காலம் முழுக்கப் படுத்துக் கிடந்தான், எல்லாம் எனக்க நோட்டுல இருக்கு. டென்சன் சாரே ஒரு தடவை அந்த நோட்டைக் கேட்டாரு. குடுப்பேனா?

சரி, போனைப் பிடிங்க. குரூப்பைத் திறங்க. போன வருஷ டீமு அதுல கிடக்கு, அதைத் திருத்தினாப் போதும். கீப்பரா? கீப்பரைக் கடைசியில சொல்லுதேன். முதல்ல பேக்கு.

நடு பேக்கு டைட்டஸ், கல்லடி ஊருக்காரன். போன வருஷம் இடுப்பு முப்பத்தி நாலு. இந்த வருஷம் முப்பத்தெட்டு. டேப்பைச் சுத்திட்டு, எலே டைட்டஸ், இது எத்தனையாவது மாசம்னு கேட்டேன். பிரியாணிக் கடை வெச்சிருக்கான், அவன் கடைக்கு அவன்தான் பெரிய வாடிக்கை. ஓடமாட்டான். ஆனா அவனைச் சுத்திக்கிட்டுப் போவ எதிராளிக்கு நேரம் பிடிக்கும், அதுக்குள்ள மத்தவங்க வந்து சேந்துருவாங்க. அவன் இருக்கட்டும்.

இடது பேக்கு ஜெனிஷ். இவனுக்கு வலது கால் அரை இஞ்சு நீளம். கல்யாணத்துக்குப் பேண்டு தைக்கும்போதே கண்டுபிடிச்சேன். அதனால ஓடும்போது தானா இடப்பக்கம் சாய்வான். இடது பேக்குக்கு வேற என்ன வேணும்? அவனுக்க கோச்சுக்குக்கூட இது தெரியாது. நீங்களும் புன்னைத்துறையில போயி சொல்லாண்டாம். மத்த ரெண்டு பேக்கும் பழைய ஆளுங்கதான், அப்பிடியே விடுங்க.

நடுவில பிரபின். ஆட்டத்தில அவனைக் குறை சொல்லவே முடியாது, ஒரே பயம் விசா. மஸ்கட்டுக்கு எழுதிப் போட்டிருக்கான். ஆட்டத்துக்கு நடுவில ஆளு பிளேன் ஏறிட்டா எனக்க பாயிண்டும் கூடவே ஏறிரும். அவன்கிட்ட கேட்டா, தெரியாது அக்காங்கான். அதனால அவனுக்க அம்மையைச் சந்தையில பிடிச்சேன். பெட்டிக்கு உறை தைக்கணும்னா முன்கூட்டியே சொல்லுங்க, எனக்கு வேலை கிடக்குன்னேன். இன்னும் ரெண்டு மாசம் ஆவும் ஜெஸிந்தான்னா. அப்ப ஆளு இங்கதான். போடுங்க. கூட நிக்க மூணு பேரையும் மாத்தாண்டாம்.

முன்னால ரெண்டு பேரு. ஒருத்தன் சின்னப் பையன், ஓடுவான், அவ்வளவுதான். அடுத்தவன் ஸ்டெபின். இவன் கதையைக் கேளுங்க. கோல் அடிப்பான், அதுல சந்தேகமே இல்ல. அடிச்ச உடனே சட்டையைக் கழத்தி வீசுவான். உடனே மஞ்சக் கார்டு, எனக்கு ஒண்ணு போச்சு. போன வருஷம் ரெண்டு ஆட்டம் பொறுத்தேன். மூணாவது ஆட்டத்துக்கு முன்னால அவன் சட்டை கிழிஞ்சு மூட்டுத் தைக்க வந்துது. கழுத்தை அரை இஞ்சு குறைச்சு விட்டேன். கோல் அடிச்சான், சட்டையைப் பிடிச்சு இழுத்தான், மண்டை வெளிய வரல்ல. முட்டைக்குள்ள கோழிக்குஞ்சு நிக்க மாதிரி நின்னான். பெறவு அவனே இழுத்து விட்டுட்டு ஓடிட்டான், கார்டு இல்ல. சிரிக்கியளா? டெய்லரு கழுத்தைக் குறைக்கப்பிடாதுன்னு எந்த விதியிலயும் இல்ல. கேப்டன்னு இப்போதைக்கு ஸ்டெபின் பேரையே போட்டு வைங்க.

கீப்பரா? சொல்லுதேன், இருங்க. தம்பிக்கு அதுக்குள்ள என்ன அவசரம்.

போன வருஷம் கீப்பரா யாரை வெச்சிருந்தேன்னு பாருங்க. ஆரோக்கியம்னு இருக்கும். உங்க புன்னைத்துறைக்காரன். ஃபைனல்ல அவன் ஒரு கோலும் விடல்ல. அந்த நாலு பாயிண்டுலதான் நான் ஜெயிச்சேன். அடுத்த ஆளுக்கும் எனக்கும் வித்தியாசமே நாலுதான்.

ஆமா, ஃபைனல்ல தோத்தது எங்க ஊருதான். ஒண்ணுக்குப் பூஜ்யம்.

சொந்த ஊருக் கீப்பரை ஏன் எடுக்கல்லன்னுதானே பாக்கிய? எல்லாரும் இதைத்தான் கேக்காங்க. நான் நியாயமா எடுக்கவ. ரெனில்னு பேரு அவனுக்கு. ஐஸ் பிளாண்டுல வேலை. ஆளு உயரம், கையி நீளம், அதையெல்லாம் நான் இல்லன்னு சொல்லல்ல. ஆனா ஆளு சரியில்ல. எப்பிடிச் சரியில்லன்னா, ஒரு வருஷம் நாலு தடவை அளவெடுக்க வந்தான் தம்பி. மத்தவன்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை, ஞாயிறு பூசை கழிஞ்சு வரிசையா வந்து நின்னு குடுத்துட்டுப் போவான். இவன் மறு வாரமும் வருவான். அக்கா, மார்பு கூடிட்டோன்னு சந்தேகமா இருக்கும்பான். ஒரு வாரத்தில எவனுக்கு மார்பு கூடும்? நானும் மடச்சி மாதிரி டேப்பை எடுத்துச் சுத்தி, முப்பத்தெட்டுன்னு சத்தமாச் சொல்லுவேன். அதை நோட்டுல எழுதினது எனக்க மவ ஷைனி. நாலு தடவையும் முப்பத்தெட்டுன்னு எழுதினா. ஒரு தடவைகூட, அம்மா, இதைத்தான் போன வாரமே எழுதினோமேன்னு சொல்லல்ல பாத்துக்கிடுங்க.

நர்ஸிங் படிச்ச பிள்ளை. அவளுக்குக் குவைத்துல ஒரு நல்ல மாப்பிள்ளை பாத்து வெச்சிருந்தேன். இவளும் ரெனிலுமாப் போயி ரிஜிஸ்டர் ஆபீஸுல கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டாங்க. பெறவு கோயில்ல சாமியாரு கல்யாணத்தை மந்திரிச்சாராம், நான் போவல்ல. எனக்க வீட்டுக்காரரும் அண்ணைக்குப் போவல்ல. ஆனா இப்ப வாரத்துக்கு ரெண்டு நாளு, வலை பாத்துட்டு வாறேன்னு சொல்லிட்டு மூணாவது தெருவுக்குப் போயி மவ வீட்டில சாப்பிட்டுட்டு வாறாரு. எனக்குத் தெரியாதுன்னு நினைக்காரு. தடைக்காலத்தில என்ன வலை? வந்து எனக்க சோத்தைக் கோழி கொத்துக மாதிரி கொத்துவாரு. நானும் கேக்கல்ல. ஒருத்தராவது போயிட்டு வரட்டும்.

நான் பேசல்ல. ஒண்ணே முக்கால் வருஷமாச்சு. அவ வாட்சப்புல எழுதுவா. நான் திறக்கமாட்டேன். திறந்தா நீலக் கோடு ரெண்டு விழுமே, அம்மை வாசிச்சுட்டான்னு அவளுக்குத் தெரிஞ்சுருமே. வெளிய தெரியுற முதல் வரியை மட்டும் பாப்பேன். அதைப் பாத்தா அவளுக்குத் தெரியாது. அம்மா சுகமான்னு வரும். அம்மா எனக்கு டூட்டி மாத்திட்டாங்கன்னு வரும். முழுசா வாசிக்கமாட்டேன், அழிக்கவும் மாட்டேன்.

போன வருஷம் ஜெர்சிக்கு அளவெடுக்க எல்லாரும் வந்தாங்க, அவன் வரல்ல. எந்த முகத்தை வெச்சுக்கிட்டு வருவான்? அண்ணைக்குச் சாயந்திரம் அவ போன்ல எழுதியிருந்தா. அம்மா, அவருக்க ஜெர்சி அளவு, அப்பிடின்னு முதல் வரி. அதுக்கப்புறம் மூணு புள்ளி. திறந்தாத்தான் மிச்சம் தெரியும். நான் திறக்கல்ல. எனக்குத்தான் நோட்டு இருக்கே, நாலு தடவை எழுதின அளவு இருக்கே. முப்பத்தெட்டு. வளந்த ஆம்பளைக்கு மார்பு எங்க கூடப்போவுதுன்னு அப்பிடியே தைச்சேன். இப்ப உள்ள பிள்ளைங்க உடம்போட ஒட்டித்தான் தைக்கச் சொல்லும், இழுத்துவிட இடமும் இருக்காது.

தம்பி, அந்தக் கையைக் கொஞ்சம் தூக்குங்க. அப்பிடியில்ல, மேல உள்ள கம்பியைப் பிடிக்க மாதிரி. பாத்தியளா, இங்க கக்கத்துல பிடிக்குதா? இப்ப ரெண்டு இஞ்சு சின்னச் சட்டைன்னு நினைச்சுக்கிடுங்க. அவ்வளவுதான், கையை இறக்கிக்கிடுங்க.

ஃபைனல்ல ஆட்டம் முடிய நாலு நிமிஷம். வெளியிலிருந்து ஒருத்தன் அடிச்சான், பந்து மேல் மூலைக்குப் போச்சு. ரெனில் எம்பிச் சாடினான். அது அவன் பிடிக்கிற பந்து. அந்த மாதிரி எத்தனையோ பந்தைப் பிடிச்சு நான் பாத்திருக்கேன். கையி போவுது, போவுது, பாதியில நிக்குது. பந்து விரலைத் தாண்டி ரெண்டு இஞ்சு தள்ளிப் போச்சு. அங்க யாரும் அளக்கல்ல, நான் இருந்த இடத்திலிருந்தே அளந்தேன். எனக்கு அப்பமே தெரிஞ்சு போச்சு. மார்பு நாப்பது இருக்கும். ஒரு வருஷத்தில ரெண்டு இஞ்சு கூடியிருக்கான். ஷைனி வைக்க மீன்குழம்பு அப்பிடி. அதை அவ எனக்கிட்டதான் படிச்சா, வேற யாரிட்ட படிக்க?

ஆட்டம் முடிஞ்சதும் அவன் தோள்ல ஒரு துண்டைப் போட்டு மூடிக்கிட்டுத் தலையைக் குனிஞ்சு போனான். அந்த வெயில்ல துண்டு. வெக்கப்பட்டுப் போறான்னு எல்லாரும் சொன்னாங்க. அப்பதான் டென்சன் சார் ஓடி வந்து, அக்கா, நீங்கதான் முதல் இடம்னு கை குடுத்தாரு.

ஸ்டெபின் கழுத்தைக் குறைச்சது நான் வேணும்னு செஞ்சது. ஒத்துக்கிடுதேன். இது வேணும்னு செஞ்சது இல்ல தம்பி. மாதாவுக்கு முன்னால நின்னும் சொல்லுவேன். ஆனா அந்த ஒரு வரியைத் திறந்திருந்தா அந்தக் கோல் விழுந்திருக்காது, அதுவும் எனக்குத் தெரியும்.

டோர்னமெண்டு முடிஞ்சா ஜெர்சி எல்லாம் எனக்க கடைக்குத் திரும்பி வரும். கிழிஞ்சதை மூட்டி, மடக்கி, கட்டி வைக்கது வழக்கம். எங்க ஊருக்குப் பதினாலு போச்சு. பதிமூணு வந்துது. கீப்பருக்க ஒண்ணாம் நம்பர் வரல்ல. நானும் எங்கன்னு கேக்கல்ல.

ஒரு வருஷமா ஊரு அவனைத்தான் பேசுது. கல்யாணம் கழிச்சதும் சோம்பேறி ஆயிட்டாங்காங்க. பொண்டாட்டி வந்த நேரம்னு சொல்லுதாங்க. எனக்க பிள்ளையைச் சொல்லுதாங்க, எனக்கு முன்னாலயே சொல்லுதாங்க, எனக்குச் சந்தோஷமா இருக்கும்னு நினைச்சு. நான் மிஷினை வேகமா மிதிப்பேன். இந்த வருஷம் அவனை வெளிய உக்கார வெச்சுட்டுப் புதுப்பையன் ஒருத்தனை இறக்கலாமான்னு கமிட்டியில பேச்சு நடக்கு. இதுல நான் போயி நடுக் கோட்டில பந்து வைக்கணும், மயில்கழுத்துச் சேலையில.

மணி என்ன தம்பி? அஞ்சரையா? பாலம் வந்துட்டு, இன்னும் கால் மணிக்கூறுதான்.

இந்தாங்க, அந்தக் குரூப்பை மூடிட்டு வெளிய வாங்க. ஷைனின்னு ஒரு பேரு இருக்கா? பக்கத்துல பச்சை வட்டத்தில என்ன நம்பரு? நாப்பத்தி மூணா. எல்லாம் அவ எழுதினதுதான். கடைசியா எழுதினது மூணு நாளைக்கு முன்னால. முதல் வரி எனக்கு மனப்பாடம். அம்மா, இந்த வருஷம் அவருக்க அளவு, மார்பு நாப்பத்தொண்ணு, தோள், அதோட நிக்கும். இன்னும் ஒரு இஞ்சு கூடியிருக்கான் பாருங்க. தோள் எத்தனைன்னு தெரியாம நான் துணியை எங்க வெட்ட? அதுக்குத்தான் கேக்கேன். திறங்க.

திறங்க தம்பி. நீலம் விழட்டும்.

தோள் எத்தனை? பத்தொம்பது. கை? சரி. கீழ இன்னும் இருக்கா? வாசிங்க. கொஞ்சம் சத்தமா வாசிங்க, பஸ்சு சத்தத்தில கேக்கல்ல.

என்னது? இன்னொரு தடவை வாசிங்க.

போன வருஷச் சட்டை கக்கத்துல கிழிஞ்சதை அவரு யாருக்கிட்டயும் சொல்லல்ல. துண்டு போட்டு மறைச்சுட்டு வந்தாரு. அம்மாவுக்குக் கெட்ட பேரு வரும்னு என்னையும் சொல்ல விடல்ல. நான் அதைத் தைச்சு அலமாரியில வெச்சிருக்கேன்.

அப்பிடியா எழுதியிருக்கா?

அவளா தைச்சா? என்ன நூல் போட்டாளோ. பாலியெஸ்டருக்குப் பருத்தி நூலைப் போட்டிருப்பா, ஒரு வெளுப்புக்கு நிக்காது. பட்டன் வைக்கச் சொன்னாலே பாதியில போட்டுட்டுப் படிக்கணும்னு ஓடுகவ.

இல்ல, ஒண்ணுமில்ல. தண்ணி இருக்கு எனக்கிட்ட. அந்த ஜன்னலை மட்டும் கொஞ்சம் திறந்து விடுங்க.

சரி. குரூப்பைத் திறங்க. அடிங்க. கீப்பர், ரெனில். ஆமா, ஆரோக்கியத்தை எடுத்துருங்க, உங்க ஊருக்காரங்க கோவிச்சா கோவிக்கட்டும். கேப்டன், ரெனில். கீப்பரை யாரும் கேப்டனாப் போடமாட்டாங்கதான். நான் போடுதேன். வேற ஒண்ணும் நினைச்சுக்கிடாண்டாம், பாயிண்டு பாத்துதான் எடுக்கேன். சட்டை சரியா இருந்தா அவனைப் போல ஒரு கீப்பரு எட்டு ஊருல இல்ல.

அதுக்குக் கீழ ஒரு வரி அடிங்க. போன வருஷம் ஃபைனல்ல விழுந்த கோல் கீப்பருக்க தப்பு இல்ல, டெய்லருக்க தப்பு. சட்டை ரெண்டு இஞ்சு சின்னது. இப்படிக்கு ஜெஸிந்தா. அடிச்சாச்சா? நூத்தி அறுபது பேரும் வாசிப்பாங்க, அது எனக்குத் தெரியாதா? அடுத்த வருஷம் அஞ்சு ஊருல ரெண்டு ஊரு ஜெர்சி வந்தாப் பெரிய காரியம். கமிட்டி கூடுகதுக்கு முன்னால எல்லாரும் வாசிக்கட்டும். அனுப்புங்க. போயிட்டா? மணி என்ன, அஞ்சே முக்காலா. சரி.

இந்தா, கோயில் கோபுரம் தெரியுது. எனக்க இடம் வந்துட்டு. அந்த மூட்டையைக் கொஞ்சம் தூக்கி விடுங்க. ஹோல்டான், ஹோல்டான், ஆளு இறங்கணும். நாப்பது மீட்டர் துணி இருக்கு, சாடவா முடியும்?

தம்பி, போனைத் தாறதுக்கு முன்னால ஷைனிக்கு ஒண்ணு அடிச்சிருங்க. சீக்கிரம். சுகமான்னெல்லாம் கேக்காண்டாம், அதை நான் வீட்டுக்குப் போயி கேட்டுக்கிடுவேன். இவ்வளவுதான் அடிங்க. நீ எடுத்த அளவு கையைத் தொங்கவிட்டு எடுத்தது. கீப்பருக்கு அது பத்தாது. கையைத் தூக்கச் சொல்லி நான்தான் எடுக்கணும். நாளைக்கு ஆளை நேருல கூட்டிட்டு வா, நோட்டுல எழுத நீயும் வேணும்.